கடைதலும் குடைதலும்

தமிழில் ‘கடைதல்’ என்னும் வினைக்கு மூன்று வழக்குகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரம் கடைகிறோம். வகுப்பறையில் இதைச் சொன்னால் ‘ஒருசொல் பலபொருள்’ என்று மாணவர்கள் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவர். ஆனால் இங்கே இருப்பது பல பொருள் அன்று, ஓர் அசைவு. மத்தில் சுற்றிய கயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்கும்போது மத்து ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழல்கிறது. மின்விசை வருவதற்கு முந்தைய மரக்கடைசலும் அவ்வாறே நிகழ்ந்தது. இரண்டு கூர்முனைகளுக்கிடையே மரத்தைப் பொருத்தி, அதில் கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னுமாக இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும். திரும்பிச் சுழலும்போது உளியை இம்மியளவு பின்னுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வந்த பிறகு மரம் ஒரே திசையில்தான் சுழல்கிறது, கயிறு போய்விட்டது. சொல் மட்டும் பழைய எந்திரத்தை நினைவில் வைத்திருக்கிறது.

‘குடைதல்’ இன்னொரு வினை. குடம், குடுவை, குடுக்கை ஆகிய சொற்களோடு சேர்த்து எண்ணத்தக்கது. கடைதல் ஒரு பொருளின் புறத்தை உருவாக்குகிறது, குடைதல் அகத்தை. இவ்விரண்டும் ஒரே எந்திரத்தில் சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்குத் தச்சர்களின் தனிப்பட்ட சிக்கல் போலத் தோன்றலாம். ஆனால் குடையும் உளிகளின் வரலாறு, கண்ணால் பார்க்க முடியாத ஓரிடத்தில் கை எப்படி வேலை செய்யக் கற்றது என்பதன் வரலாறாகும். அந்தக் கல்வி ஒரு நாட்டில் ஏறத்தாழ அறுந்துபோய், பின்னர் பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டது.

முதலில் எகிப்தைச் சொல்ல வேண்டும், அது மரமன்று, கல் என்றாலும். சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியிலுள்ள அறைகளிலிருந்து ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கிடைத்தன. எகிப்தியக் கற்கலங்களில் பல, வாய் குறுகி வயிறு பருத்தவை. ஒடுங்கிய வாய் வழியாக அகன்ற வயிற்றை எப்படிக் குடைந்தார்கள்? இதற்கு விடை, எட்டு என்னும் எண்ணைப் போல இடை சிறுத்த ஒரு நீள்கல். அதை நெடுக்காக வாய்க்குள் இறக்கி, உள்ளே கிடைமட்டமாகத் திருப்பி, கவட்டைக் கழியின் நுனியில் மாட்டி, மணல் தூவிச் சுழற்றினால் அது பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே போகும். டெனிஸ் ஸ்டாக்ஸ் என்னும் ஆய்வாளர் இக்கருவிகளை மீண்டும் செய்து, கல்லைக் குடைந்து காட்டி, அச்சோதனைகளை 2003இல் நூலாக்கினார். எகிப்திய எழுத்துகளில் ‘கைவினைஞன்’ என்னும் சொல்லை எழுத இந்தத் துளைப்புக் கருவியின் உருவமே பயன்பட்டது. உளியையோ சுத்தியலையோ எடுக்காமல், உள்ளைக் குடையும் கருவியைத் தொழில் அனைத்துக்கும் அடையாளமாக ஒரு நாகரிகம் தேர்ந்தது என்பது எனக்கு வியப்பளிக்கிறது. மரக்கடைசலுக்கு அங்கே கிடைக்கும் தெளிவான ஓவியச் சான்று மிகப் பிந்தியது. பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில், ஒருவர் கயிறு இழுக்க மற்றவர் உளி பிடிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நம் ‘கடைதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்கப் படமாக அதை அச்சிடலாம்.

இனி இங்கிலாந்து. யார்க் நகரில் காப்பர்கேட் என்றொரு தெரு உண்டு. செம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய நார்ஸ் மொழியில் கிண்ணம் கடைபவர்களின் தெரு என்பதே அதன் பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே நடந்த அகழாய்வில் வைக்கிங் காலக் குடியிருப்பு வெளிப்பட்டது. ஈரமண் காத்துவைத்த மரப்பொருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் தொல்லியலாளர்களுக்குப் பெரிதும் பேசியவை கிண்ணங்களைக் காட்டிலும் கழிவுகளே. கூம்பு வடிவில் சிறுசிறு மரத்துண்டுகள். அவை ஏன் உண்டாயின என்பதைப் புரிந்துகொண்டால் குடைதலின் அடிப்படைச் சிக்கல் புரிந்துவிடும்.

பழைய கடைசலில் மரம் இரண்டு முனைகளுக்கிடையே பிடிக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு நெடுங்கம்பு வில்லைப் போல வளைந்து நிற்கும். அதிலிருந்து இறங்கும் கயிறு மரத்தைச் சுற்றிக் கீழே மிதிபலகையில் முடியும். மிதித்தால் மரம் முன்னோக்கிச் சுழலும், காலை எடுத்தால் கம்பு நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். கயிறு இழுக்க இரண்டாம் ஆள் வேண்டியதில்லை. கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடைவது எளிது. உட்புறத்தைக் குடையும்போது நடுவில் முனை குத்தியிருக்கும் இடத்தைத் தொட முடியாது. தொட்டால் கிண்ணம் கழன்று விழும். ஆகவே நடுத்தண்டை விட்டுவிட்டு அதைச் சுற்றிலும் குடைய வேண்டும். நேரான உளி அந்தக் குறுகிய அகழிக்குள் வளைந்து போகாது. எனவே நுனி கொக்கி போல் வளைந்த உளி பிறந்தது. கடைசியில் நடுத்தண்டை ஒடித்து எறிந்தார்கள். காப்பர்கேட்டில் கிடைத்தவை அந்தத் தண்டுகளே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கை எந்தக் கோணத்தில் உளியைச் செலுத்தியது என்பதை அந்தக் கழிவில் உள்ள வரிகளைக் கொண்டு அறியலாம்.

இந்தத் தொழில்முறை இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரே ஒரு மனிதரிடம் வந்து நின்றது. ஜார்ஜ் லெய்லி (1869–1958), பெர்க்‌ஷயர் மாவட்டத்தின் பக்கிள்பரி பொதுநிலத்தில் ஒரு குடிசைப் பட்டறையில் வேலை செய்தவர். தலைமுறை தலைமுறையாகக் கிண்ணம் கடைந்த குடும்பம். எல்ம் என்னும் மரமே அவருக்குரிய மரம்; நார்கள் பின்னிக்கிடப்பதால் எளிதில் பிளவுபடாதது. அவருடைய தனித்திறன், ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கிண்ணங்களைப் பிரித்தெடுப்பது. பெரிய கிண்ணத்தின் உள்ளே எஞ்சும் நடுத்தண்டைக் கழிவாக எறியாமல், அதையே அடுத்த கிண்ணமாக, அதன் உள்ளிருப்பதை அதற்கும் அடுத்ததாக எடுத்துவிடுவார். இதற்கு உளியின் வளைவு ஒவ்வொரு கிண்ணத்தின் வளைவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். அளவுகோல் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது. வெட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது மரத்துக்குள் மறைந்திருக்கும். ஒரு விரற்கடை தவறினால் இரண்டு கிண்ணங்கள் ஒருசேரக் கெடும்.

எச்.வி. மார்ட்டன் என்னும் பயண எழுத்தாளர் 1927இல் வெளியான தம் இங்கிலாந்துப் பயண நூலில் லெய்லியைச் சந்தித்ததை எழுதினார். அந்த நூல் பெரிதும் விற்றது, லெய்லி புகழடைந்தார். ஆனால் வந்தவர்கள் கிண்ணம் வாங்கினார்களே தவிர உளி பிடிக்கக் கற்க ஒருவரும் தொடர்ந்து நிற்கவில்லை. அவருக்குப் பின் தொழிலைக் கொண்டுசெல்ல எவரும் இல்லை. 1958இல் லெய்லி மறைந்தபின் அவருடைய கடைசல் எந்திரமும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள ஆங்கிலேய ஊரக வாழ்வு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. சுவடி கிடைத்துவிட்டது, வாசிப்பவர் இல்லை.

வாசித்தவர் ராபின் வுட். 1990களில், காடு பேணும் வேலையிலிருந்த அவர், அருங்காட்சியகத்தில் லெய்லியின் எந்திரத்தைப் பார்த்தார். எந்திரத்தைப் போலச் செய்வது கடினமன்று; நான்கு கால்களும் இரு முனைகளும் ஒரு கம்பும் கயிறும்தான். உளிகளே புதிர். கடைகளில் விற்கும் உளி எதுவும் அவ்வடிவில் இல்லை. ஆகவே கொல்லுத் தொழிலைத் தாமே கற்று, இரும்பைக் காய்ச்சி வளைத்து, தீட்டி, மரத்தில் வைத்துப் பார்த்து, மீண்டும் உலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வளைவையும் சோதனையால் கண்டடைந்தார். 2005இல் மரக்கிண்ணத்தின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். இன்று அவ்வழியில் கடைபவர்கள் உலகெங்கும் உள்ளனர். கருவியைப் பாதுகாப்பதும் கருவியைக் கையாளும் கையைப் பாதுகாப்பதும் இருவேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. லெய்லி இருந்தபோது ஒருவர் ஓராண்டு அருகில் நின்றிருந்தால் இவ்வளவு உலையும் கரியும் தேவைப்பட்டிருக்காது.

அரசர்களும் கடைந்திருக்கிறார்கள். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் தமக்கென்று கடைசல் கூடம் வைத்திருந்தார். ஷார்ல் பிளூமியே 1701இல் வெளியிட்ட பிரெஞ்சு நூல் கடைசற்கலைக்கென்றே எழுந்த பெருநூல். இந்த அரண்மனைக் கடைசலில் பெரும்பகுதி பகட்டு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றை மட்டும் விட முடியாது. தந்தத்தில் பந்துக்குள் பந்தாகச் செய்யப்பட்ட கோளங்கள் ஐரோப்பாவிலும் சீனத்தின் காண்டன் நகரிலும் செய்யப்பட்டன. கோளத்தின் பல பக்கங்களிலிருந்தும் மையத்தை நோக்கிக் கூம்பாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் நுனி மடங்கிய உளியை விட்டு, குறித்த ஆழத்தில் பக்கவாட்டாக வெட்டுவார்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் வந்த வெட்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் கணத்தில் உள்பந்து கழன்று தனியே உருளும். மடங்கிய நுனி, சிறிய வாய், காணாத வெட்டு. அமெரிக்காவில் 1970களில் நிகழ்ந்ததன் முன்னுருவம் இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் கணித ஆசிரியரான ஜேம்ஸ் பிரெஸ்டினி (1908–1993) மெல்லிய மரக்கிண்ணங்களைக் கடைந்து அவற்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை கொண்டுசென்றார். பாப் ஸ்டாக்ஸ்டேல் (1913–2003), இரண்டாம் உலகப்போரில் ஆயுதமெடுக்க மனச்சான்று இடந்தராதவர்களுக்கான முகாமில் கிண்ணம் கடையத் தொடங்கியவர். ஆயினும் இவர்களுடைய கலங்கள் வாய் திறந்தவை. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மூடிய கலத்தை முதலில் முயன்றவர்களுள் மெல் லிண்ட்குவிஸ்ட் (1911–2000) குறிப்பிடத்தக்கவர். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் உலோகக் கடைசலோடு வாழ்ந்தவர். உருளைக்குள் நீண்ட கம்பியை நுழைத்துத் துளையை அகலப்படுத்தும் ஆலை முறையை மரத்துக்குக் கொண்டுவந்தார். அட்லாண்டாவின் கட்டடக் கலைஞர் எட் மோல்த்ராப் (1916–2003) ஆள் தூக்க முடியாத அடிமரங்களை உருண்டைக் கலங்களாக்கினார். அவர் தமக்கென்று அடித்துக்கொண்ட உளிகள் பார்வைக்கு ஈட்டிகளே. பச்சை மரம் வெடிக்காதிருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் கரைசலில் கலங்களை ஊறவைத்தார்.

டேவிட் எல்ஸ்வொர்த் (பிறப்பு 1944) சிற்பக்கலை பயின்றவர். 1970களின் நடுப்பகுதியில் அவர் கேட்ட கேள்வி ஒரு குயவரின் கேள்வி. அமெரிக்கத் தென்மேற்குப் பழங்குடியினரின் மட்பாண்டங்கள் வாய் ஒடுங்கித் தோள் அகன்று சுவர் மெலிந்து இருக்கின்றன. மரத்தில் அது ஏன் கூடாது? மண்ணைச் சுருள்சுருளாக அடுக்கிப் பாண்டம் எழுப்பலாம். மரமோ ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் பொருள். அதில் கழிக்க மட்டுமே முடியும். ஒரு விரல் நுழையும் துளை வழியாக ஒரு பூசணியளவு வயிற்றைக் கழிக்க வேண்டும். நேர் உளி துளைக்கு நேர் எதிரே இருப்பதை மட்டுமே தொடும். தோளின் உட்புறத்தைத் தொட உளியின் நுனி மடங்கியிருக்க வேண்டும். எல்ஸ்வொர்த் நுனி வளைந்த உருக்குக் கம்பிகளைத் தாமே செய்துகொண்டார்.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. உளி ஒரு நெம்புகோல். அதைத் தாங்கும் இரும்புக் குறுக்குச்சட்டம் தாங்குபுள்ளி. பிடி 75 செ.மீ. நீளம் என்று கொள்வோம். உளியின் நுனி சட்டத்திலிருந்து 5 செ.மீ. மட்டும் நீண்டிருந்தால் கைக்கு 15 மடங்கு அனுகூலம். நுனியில் 30 கிலோ எடையளவு இழுப்பு விழுந்தாலும் கையில் 2 கிலோவே தெரியும். அதே உளி கலத்துக்குள் 25 செ.மீ. நீண்டால் அனுகூலம் 3 மடங்காகச் சுருங்குகிறது. கை 10 கிலோவைத் தாங்கியாக வேண்டும். இது நேர் உளிக்கு. மடங்கிய உளியின் நுனி கம்பியின் அச்சைவிட்டு விலகி நிற்பதால், வெட்டு விழும் ஒவ்வொரு கணமும் உளி கைக்குள் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். வளைவு சட்டத்தைக் கடந்து உள்ளே போன பிறகே வெட்டத் தொடங்க வேண்டும் என்று கடைசற்காரர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வளைந்த பகுதி சட்டத்தின்மேல் இருந்தால் முறுக்கலை எந்தக் கையாலும் அடக்க முடியாது. இதோடு, செதுக்கிய சுருள்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே திணிந்து உளியைக் கவ்விக்கொள்ளும். அடிக்கடி எந்திரத்தை நிறுத்திக் கொட்ட வேண்டும்.

பார்க்க முடியாத இடத்தில் சுவரின் கனத்தை எப்படி அறிவது? காதால். சுவர் மெலியமெலிய உளியின் ஓசை மாறுகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் சென்ற கோடை விடுமுறையில் பூவரசங்கட்டையில் ஒரு சிறு சொப்பைக் குடைந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. “உளிய அமுக்காதீங்க சார், சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க. மரம் தானா வரும். சத்தத்தக் கேளுங்க,” என்றார் பட்டறைக்காரர். அவர் எல்ஸ்வொர்த்தைக் கேள்விப்பட்டவர் அல்லர். தடித்த மரத்தில் மந்தமாக இருந்த ஓசை விரற்கடைக்குக் கீழே வந்ததும் மெல்ல மேலேறியது. மிருதங்கத்தின் இடந்தலையிலிருந்து வலந்தலைக்கு மாறியது போல என்று சொன்னால் இசையறிந்தவர்கள் சிரிக்கக் கூடும். எனக்கு அப்படித்தான் கேட்டது.

1986இல் அமெரிக்க மரக்கடைசற்காரர் சங்கம் தொடங்கப்பட்டபோது எல்ஸ்வொர்த் அதன் முதல் தலைவரானார். அடுத்து வந்தவர்கள் கையின் பாரத்தைக் குறைக்க வழி தேடினார்கள். உளியின் பிடியைப் பின்னால் இரு இரும்புத் தண்டுகளுக்கிடையே சிறைப்படுத்தினால் முறுக்கலைத் தண்டுகள் வாங்கிக்கொள்ளும். கைக்கு வழிநடத்தும் வேலை மட்டுமே எஞ்சும். அதன்பின் லேசர் வந்தது. உளிநுனிக்கு நேர் மேலே, விரும்பும் சுவர்க் கனத்தின் அளவு தள்ளி ஒரு செம்புள்ளி கலத்தின் வெளிமேனியில் விழும்படி பொருத்துகிறார்கள். உள்ளே நுனி நகர, வெளியே புள்ளி நகரும். புள்ளி கலத்தின் விளிம்பைவிட்டு நழுவினால் சுவர் போதிய அளவு மெலிந்துவிட்டது, நிறுத்தலாம். உருக்குக்குப் பதில் டங்ஸ்டன் கார்பைடு வில்லைகளும் வந்துவிட்டன. மழுங்கினால் வில்லையைத் திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம், சாணை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை.

இதைக் கைத்திறனின் வீழ்ச்சி என்று புலம்புகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். முதுமையில் தோள்வலியோடு போராடும் ஒருவர் இத்தண்டுகளின் உதவியால் இன்னும் பத்தாண்டு கடைய முடிகிறதென்றால் அது நல்லதே. என் மனக்குறை வேறு. ஒடுங்கிய வாய்க் கலங்களில் பல எதையும் ஏற்காதவை. நீர் ஊற்ற முடியாது, மலர் செருக முடியாது. சுவரின் மெலிவே மதிப்பாகி, மில்லிமீட்டர்க் கணக்கில் போட்டி வளர்ந்த ஒரு காலமும் இருந்தது. எல்ஸ்வொர்த்தின் கலங்கள் இதற்கு விலக்கு என்பேன். கையில் எடுத்தவர்கள் அவற்றின் எடையின்மையால் திடுக்கிடுகிறார்கள். கண் மரம் என்கிறது, கை இல்லை என்கிறது. அந்த வெறுமையைப் பார்வையாளன் எடையாக உணர்கிறான். அவரைப் பின்பற்றியவர்களில் எத்தனை பேருக்கு இது கைகூடியது என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

குடைந்த வெளி வேலை செய்யும் ஒரு பொருளை நாம் அருகிலேயே வைத்திருக்கிறோம். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் கடைகிறார்கள். இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களாகவும் தூண்களாகவும் பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரம் அதற்குரியது. எல்ஸ்வொர்த் பச்சை மரத்தைத் தேட, இவர்கள் கிடைப்பதிலேயே உலர்ந்ததைத் தேடுகிறார்கள். உலர்ந்தது இனி அசையாது, சுருதி நிலைக்கும். புறத்தைக் கடைந்து, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாக விரித்து, மேலே ஒடுங்கிக் கீழே அகலும் உட்குழலை உண்டாக்குகிறார்கள். வாசிப்பதற்கான ஏழு துளைகளும் அடியில் மெழுகால் அடைத்துச் சரிசெய்யும் ஐந்து துளைகளும் பின்னால் வருபவை. சுருதியை முதலில் தீர்மானிப்பது அந்த உட்குழலின் நீளமும் விரிவுமே. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாத ஆசாரி சுத்த மத்திமம் தெளிவாக ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தை வடித்தபோது, வெளியே பார்ப்பவருக்குக் குழல் நீண்டது மட்டுமே தெரிந்திருக்கும். மற்ற மாற்றங்கள் உள்ளே நிகழ்ந்தவை. நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சில குடும்பங்களே அங்கே இதைச் செய்துவருகின்றன. உத்தரத்துக்கு ஆச்சா மரம் போட்டு எவரும் இப்போது வீடு கட்டுவதில்லை. இடிப்பதற்குரிய பழைய வீடுகளும் ஆண்டுக்காண்டு குறைகின்றன.